ஏழாவது மாடியில் ஒரு டிப்ளமா

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு அக்காவிடமிருந்து போன் வந்தால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். யாராவது போய்விட்டார்கள், அல்லது யாருக்காவது பெண் பார்த்துவிட்டார்கள். இரண்டுக்கும் தயாராக எழுந்து உட்கார்ந்தேன்.

"அத்தான் ரெண்டு நாளா சரியா சாப்பிடலைடா."

"ஷுகரா, பிரஷரா?"

"டிப்ளமா."

ஏதோ புது வியாதி போலிருக்கிறது என்று நினைத்து, "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டுத் தொலைத்தேன். அதற்கு அக்கா என்னைத் திட்டியதில் அச்சில் போடக்கூடிய வார்த்தைகள் கொஞ்சம்தான். திட்டு முடிந்ததும் விஷயம் வந்தது.

அக்கா பையன், அதாவது என் மருமகன், பி.காம். முடித்துவிட்டு அயர்லாந்துக்குப் படிக்கப் போகிறான். மதுரையில் ஒரு கன்ஸல்டன்ஸி மூலமாக டப்ளினில் ஒரு காலேஜில் இடமும் வந்துவிட்டது. லெட்டரைப் பிரின்ட் எடுத்து ஸ்வாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். அத்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்திருக்கிறார். நாலாவது வரியில் 'ஹையர் டிப்ளமா இன் டேட்டா அனலிடிக்ஸ்' என்று இருந்திருக்கிறது. அதோடு இட்லித் தட்டைத் தள்ளி வைத்தவர்தான்.

"டிகிரி முடிச்சவன் எதுக்குடா டிப்ளமா படிக்கணும்? அதுவும் பத்து லட்சம் கட்டி?"

நியாயமான கேள்விதானே? நம் ஊரில் டிப்ளமா என்றால் பாலிடெக்னிக். பத்தாவது முடித்துவிட்டு மூன்று வருஷம் படிப்பது. மாடிப்படியில் கீழ்ப்படி. மேல்படி ஏறியவனை யாராவது லட்சங்கள் வாங்கிக்கொண்டு கீழ்ப்படிக்கு இறக்கினால் எந்த அப்பனுக்குத்தான் இட்லி இறங்கும்?

ஆனால் அத்தான் விஷயத்தில் அதற்கு மேலும் உண்டு.

அவரே ஒரு டிப்ளமாக்காரர். 1983ல் எலெக்ட்ரிகல் முடித்து, ஒரு நூற்பாலையில் சேர்ந்து, 34 வருஷம் அங்கேயே ஓட்டினார். மில்லில் எந்த மோட்டாருக்கு எந்த மாதம் ஜலதோஷம் பிடிக்கும் என்று அவருக்கு மனப்பாடம். இருந்தும் கடைசி வரைக்கும் சூபர்வைசர்தான். நேற்று சேர்ந்த பி.இ. பையனுக்கு எந்த ஸ்விட்சைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து அதே பையனுக்கு எழுந்து நின்று "குட்மார்னிங் ஸார்" சொல்வார். ஒரு தரம் ரெண்டு தரம் இல்லை, 34 வருஷம். அந்த வீட்டில் டிப்ளமா என்பது கெட்ட வார்த்தை.

*

இந்த விவகாரத்துக்கு என்னை ஏன் கூப்பிட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். குடும்பத்தில் 'ஃபாரின்ல படிச்சவன்' நான்தான். அக்கா அப்படித்தான் சொல்வாள். அத்தான் மட்டும் 'ஃபாரின் போய்ட்டு வந்தவன்' என்பார். அத்தான் சொல்வதுதான் சரி.

2010ல் பி.காம். முடித்த கையோடு லண்டன் போனேன். கிழக்கு லண்டனில் ஒரு பிரைவேட் காலேஜ். கீழே பொரித்த கோழிக் கடை, மேலே மூன்று ரூமில் காலேஜ். கோழிக் கடையில் கூட்டம் ஜாஸ்தி. நான் படித்த ஸ்ட்ராடஜிக் மேனேஜ்மென்ட் இன்றைக்கும் எனக்கு மசாலா வாசனையோடுதான் ஞாபகம் வரும். என் கோர்ஸின் பெயர் 'லெவல் 7 டிப்ளமா'. சென்னையில் சேர்த்துவிட்ட புண்ணியவான், "லெவல் 7ன்னா எம்.பி.ஏ. லெவல் தம்பி, கண்ணை மூடிக்கிட்டு சேருங்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டுதான் சேர்ந்தேன்.

இதில் விசேஷம் என்னவென்றால், அவர் சொன்னது பொய் இல்லை.

வாரக் கடைசியில் ஈஸ்ட் ஹாமில் ஒரு மளிகைக் கடையில் வேலை. (ஈஸ்ட் ஹாம் போனால் லண்டன் போன மாதிரியே இருக்காது. முருங்கைக்காய் கிடைக்கும்.) முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், பிள்ளைகளை அங்கேயே படிக்க வைத்தவர். ஒருநாள் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"தம்பி, நீர் படிக்கிறது மாஸ்டர்ஸோ?"

"மாஸ்டர்ஸ் லெவல் அண்ணே."

"லெவல் சரி. எத்தினை கிரெடிட் எண்டு கேட்டனீரோ?"

நான் எங்கே கேட்டேன்? பி.காம். படித்தவனுக்கு கிரெடிட் என்றால் பேரேட்டில் வலது பக்கம் எழுதுவது. அவர் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். இங்கிலாந்தில் லெவல் 7 என்பது ஒரே படிப்பு அல்ல. 60 கிரெடிட் படித்தால் சர்டிஃபிகேட். 120 படித்தால் டிப்ளமா. 180 படித்தால்தான் மாஸ்டர்ஸ். மூன்றுமே லெவல் 7. என்னுடையது 120. மிச்சம் 60 கிரெடிட்டை ஏதாவது யூனிவர்சிட்டியில் ஒரு ப்ராஜெக்ட் மாதிரி எழுதிச் சேர்த்தால் எம்.பி.ஏ. ஆகும். அதற்கு யூனிவர்சிட்டி தனியாகக் காசு கேட்கும். கேட்டது. என்னிடம் இல்லை.

ஆக, மூன்றில் இரண்டு பங்கு எம்.பி.ஏ.வோடு ஊர் திரும்பினேன். விசிட்டிங் கார்டில் 'எம்.பி.' என்று போட்டுக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். பார்லிமென்டில் ஆட்சேபிப்பார்கள்.

சென்னையில் முதல் இன்டர்வியூ. ஹெச்.ஆர். மனிதர் சர்டிஃபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது டிகிரியா?"

"லெவல் 7 ஸார்."

"எத்தனாவது மாடின்னு நான் கேக்கலை. டிகிரியான்னு கேட்டேன்."

அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. ஆனால் அந்த ஆசாமி, தெரிந்தோ தெரியாமலோ, இந்த விவகாரத்தையே ஒரு வரியில் சொல்லிவிட்டார். லெவல் என்பது மாடி நம்பர். கிரெடிட் என்பது சதுர அடி. ஏழாவது மாடியில் மூன்று பெட்ரூம் ஃப்ளாட்டும் இருக்கும், வாட்ச்மேன் ரூமும் இருக்கும். நான் வாட்ச்மேன் ரூமுக்கு ஃப்ளாட் விலை கொடுத்தவன்.

*

மதுரைக்கு ராத்திரி போய்ச் சேர்ந்தேன். சாப்பாடு ஆனதும் டைனிங் டேபிளில் ஃபைல், லெட்டர், மருமகனின் லேப்டாப், அத்தானின் பாக்கெட் நோட்டு எல்லாம் பரப்பப்பட்டன. அத்தான் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டு, எங்களைப் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டார். மருமகன் என்னைப் பார்த்து, காப்பாத்துங்க மாமா என்பது போலக் கண்ணால் சொன்னான்.

முதலில் அயர்லாந்தின் படத்தை எடுத்தோம். 2003ல் அந்த நாட்டில் எல்லாப் படிப்பையும் பத்து படியாக அடுக்கிவிட்டார்கள். அதைப் படமாகப் போடும்போது அரைவட்டத்தில், கலர் கலராக, விசிறி மாதிரி போடுகிறார்கள். அங்கே அதற்குப் பெயரே விசிறிதான். திருவிழாக் கடையில் தொங்கவிட்டால் குழந்தைகள் வாங்கிவிடும்.

விசிறியில் பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை 4லும் 5லும் வரும். 7ல் சாதாரண டிகிரி. 8ல் ஹானர்ஸ் டிகிரி. 9ல் மாஸ்டர்ஸ். 10ல் டாக்டர் பட்டம். நம் ஹையர் டிப்ளமா எங்கே இருக்கிறது என்று தேடினோம்.

எட்டில், ஹானர்ஸ் டிகிரிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

"அத்தான், இது பாலிடெக்னிக் டிப்ளமா இல்லை. டிகிரி முடிச்சவங்கதான் இதுல சேரவே முடியும். ஒரு சப்ஜெக்ட்ல டிகிரி வாங்கினவன் வேற சப்ஜெக்டுக்கு மாறணும்னா ஒரு வருஷத்துல ஹானர்ஸ் அளவுக்குக் கொண்டுபோய் நிறுத்தற கோர்ஸ்."

"அப்ப பேரு ஏன் டிப்ளமா?" என்றார் சுவரைப் பார்த்து.

பேர்! இந்தத் துறையில் பேரை மட்டும் நம்பவே கூடாது. எடின்பரோ, கிளாஸ்கோ மாதிரியான பழைய ஸ்காட்லாந்து யூனிவர்சிட்டிகளில் ப்ளஸ் டூ முடித்த பையன் நேரே எம்.ஏ.யில் சேருவான். நாலு வருஷம் படித்து எம்.ஏ. வாங்குவான். அங்கே அதுதான் முதல் டிகிரி, நம் பி.ஏ. மாதிரி. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இன்னும் சௌகரியம். பி.ஏ. முடித்துவிட்டு சும்மா இருந்தால் போதும். சேர்ந்து ஆறேழு வருஷம் ஆனதும், பரீட்சை கிரீட்சை எதுவும் இல்லாமல் அது எம்.ஏ.வாகிவிடும். ஊறுகாய் மாதிரி. அதை மாஸ்டர்ஸ் மாடியில் யாரும் சேர்ப்பதில்லை என்பது வேறு விஷயம். சரி, பி.காம்.? டப்ளினிலும் கார்க்கிலும் கால்வேயிலும் பி.காம். உண்டு. அது எட்டாவது லெவல். நம் பி.காம். அங்கே போய் நின்றால் ஏழு என்பார்களா எட்டு என்பார்களா என்பதைப் பேரை வைத்துச் சொல்ல முடியாது. இங்கே எத்தனை வருஷம் படித்தோம், என்ன மார்க் என்றெல்லாம் பார்த்து அவர்கள் சொல்ல வேண்டும்.

பேர்தான் ஏமாற்றுகிறது, நம்பராவது யோக்கியமா என்றால், அது இன்னும் மோசம். மருமகன் ஒவ்வொரு நாடாகத் தட்டிக்கொண்டே வந்தான். நான் அத்தானின் நோட்டில் எழுதினேன்.

இங்கிலாந்தில் 7 என்றால் மாஸ்டர்ஸ். அயர்லாந்தில் 7 என்றால் சாதாரண டிகிரி. ஆஸ்திரேலியாவிலும் 7 டிகிரிதான். ஸ்காட்லாந்தில் மொத்தம் பன்னிரண்டு மாடி, அங்கே 7 என்றால் காலேஜ் முதல் வருஷம் மாதிரி. நாலு ஏழு கையில் இருக்கிறது. ரம்மியாக இருந்தால் டிக்ளேர் பண்ணியிருக்கலாம். இங்கே ஒரு செட்டுகூடச் சேராது.

அமெரிக்காவில் இந்த மாதிரி தேசிய மாடி நம்பரே கிடையாது. யார் யார் எந்த மாடி என்று அவரவர் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். அங்கே பல யூனிவர்சிட்டிகள் பள்ளிக்கூடத்தையும் காலேஜையும் கூட்டி பதினாறு வருஷம் வருகிறதா என்று விரல் விட்டு எண்ணும். நம் பன்னிரண்டும் மூன்றும் பதினைந்து. ஒரு விரல் இடிக்கும்.

"நம்ம ஊர்ல இதெல்லாம் இல்லையா?" என்றாள் அக்கா, மோர் கொண்டுவந்து வைத்தபடி.

இருக்கிறது. 2023ல் நம் நாட்டிலும் போட்டுவிட்டார்கள். ப்ளஸ் டூவுக்கு 4. டாக்டர் பட்டத்துக்கு 8. நடுவில் காலேஜுக்கு வருஷத்துக்கு அரை அரையாக ஏறும். மூன்று வருஷ டிகிரிக்கு என்ன தெரியுமோ? 5.5.

"அஞ்சரையா!" என்றார் அத்தான். முதல் தடவையாக எங்கள் பக்கம் திரும்பினார்.

"அஞ்சரை அத்தான். நாலு வருஷ ஹானர்ஸ் படிச்சா ஆறு."

"இவன் மூணு வருஷம் படிச்சது அஞ்சரை. வெள்ளைக்காரன் ஊர்ல அதுவே ஏழோ எட்டோ. அப்ப ஃப்ளைட்ல போகும்போதே ஏறிடுதா?"

ஏறுவதில்லை. ஒவ்வொரு நாடும் வேறு வேறு இடத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கிறது, அவ்வளவுதான். நம் ஊர் ஃப்ளாட்டில் சிலர் கிரவுண்ட் ஃப்ளோரை ஒன்று என்பார்கள், சிலர் ஜி என்பார்கள். கொரியர்காரன் தப்பான கதவைத் தட்டுவது அதனால்தான். ஆனால் கொரியர் தப்பிப் போனால் திரும்பி வரும். பத்து லட்சம் திரும்பி வராது.

*

மறுநாள் கன்ஸல்டன்ஸி ஆபீஸுக்கு மூன்று பேருமாகப் போனோம். ஏ.சி. நன்றாகவே இருந்தது. சுவரில் பிக் பென், சுதந்திர தேவி, கங்காரு எல்லோரும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி நின்றார்கள். டை கட்டிய இளைஞர் ஒருவர் எங்களை உட்காரவைத்து, கேட்பதற்கு முன்பே ஆளுக்கொரு பேனா கொடுத்தார்.

"அருமையான பி.ஜி. கோர்ஸ் ஸார். சீட் ஃபில் ஆயிட்டே இருக்கு."

"பி.ஜி.யா?" என்றேன்.

"டிகிரிக்கு அப்புறம் படிக்கறது எல்லாமே பி.ஜி.தானே ஸார்?"

"டிகிரிக்கு அப்புறம் டைப்ரைட்டிங்கூடத்தான் படிக்கறாங்க. லெவல் எத்தனை?"

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பக்கத்து டேபிளில் இருந்த பெண் தலை நிமிராமலே, "எட்டு ஸார். எம்.எஸ்ஸி.தான் ஒன்பது" என்றாள். டை அவளை முறைத்தது. அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும்.

எட்டா ஒன்பதா என்பதில் என்ன வந்தது என்று நீங்கள் நினைக்கலாம். மாடியில் ஒரு படி, ஏறிக்கொண்டால் போகிறது. விஷயம் அதுவல்ல. அயர்லாந்தில் படித்து முடித்த வெளிநாட்டு மாணவர்கள் அங்கேயே தங்கி வேலை தேடலாம். எட்டாவது லெவல் முடித்தவனுக்கு 12 மாதம். ஒன்பதும் அதற்கு மேலும் முடித்தவனுக்கு 24 மாதம் வரை. விசிறியில் ஒரு மடிப்பு, வாழ்க்கையில் ஒரு வருஷம்.

அத்தான் பாக்கெட் நோட்டைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். அப்போதுதான் அந்தப் பக்கத்தை நான் பார்த்தேன். பத்து லட்சம் ஃபீஸ், அங்கே தங்க, சாப்பிட எவ்வளவு, வீட்டுப் பத்திரத்தை வைத்தால் பாங்கில் எவ்வளவு கிடைக்கும், மாதம் எவ்வளவு கட்ட வேண்டும், எல்லாம் குண்டு குண்டாக எழுதியிருந்தார். கடைசி வரியில், 'படிப்பு முடிந்து 24 மாதம் வேலை'. அதன் கீழே இரண்டு கோடு.

"ரெண்டு வருஷம்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க?"

"அது பொதுவா சொல்றது ஸார்..."

அத்தான் கோபப்படவில்லை. நான் படுவேன் என்று நினைத்தேன், நானும் படவில்லை. பதினாலு வருஷம் முன்னால் "எம்.பி.ஏ. லெவல் தம்பி" என்று கேட்ட அதே குரல். பொய் இல்லை, பொதுவாகச் சொல்வது. இவர்கள் யாரும் பொய் சொல்லி நம்மை ஏமாற்றுவதில்லை. பாதி உண்மையைச் சொல்லிவிட்டு, மீதிப் பாதியைக் கேட்கத் தெரியாத நம்மிடம் பேனா கொடுத்து அனுப்புகிறார்கள்.

இன்னும் இரண்டு கேள்வி பாக்கி இருந்தது. ஈஸ்ட் ஹாம் அண்ணன் கேட்டதையே கேட்டேன். எத்தனை கிரெடிட்?

"60 ஸார்." இதை உடனே சொன்னார்.

ஐரோப்பியக் கணக்கில் ஒரு முழு வருஷப் படிப்புக்கு 60. இங்கிலாந்துக் கணக்கில் அது 120 ஆகும். அங்கே இரண்டு கிரெடிட் இங்கே ஒன்று. (ஆக என் லண்டன் டிப்ளமாவும் 60தான். எப்படிப் பார்த்தாலும் நான் தப்பிக்க முடியாது.) டப்ளினில் ஒரு வருஷ எம்.எஸ்ஸி.க்கு 90 வரை வரும்.

"சர்டிஃபிகேட்ல கையெழுத்து யாரோடது? காலேஜா, வேற யாராவதா?"

இதற்கு டை முழித்தது. மருமகன் லெட்டரில் விரல் வைத்துக் காட்டினான். பட்டம் கொடுப்பது க்யூ.க்யூ.ஐ. என்று இருந்தது. அயர்லாந்தில் இந்த விசிறியையே பார்த்துக்கொள்ளும் அரசு அமைப்பு அதுதான், பல பிரைவேட் காலேஜ்களுக்கு அதுவே பட்டமும் கொடுக்கிறது. அப்பாடா என்றிருந்தது. தங்கி வேலை தேடும் சலுகைக்குப் பட்டம் ஐரிஷ் அமைப்பு கொடுத்ததாக இருக்க வேண்டும். டப்ளினில் உட்கார்ந்து படித்தாலும் வேறு நாட்டு சர்டிஃபிகேட் என்றால் கதை கந்தல்.

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம்.

"அந்த எம்.எஸ்ஸி. எவ்வளவு ஆகும்?" என்றார் அத்தான்.

"அக்கவுன்டிங்ல ஒண்ணு இருக்குப்பா. ஆறு லட்சம் கூட."

"நல்ல மார்க்தானே வாங்கியிருக்க. அதுல கிடைக்காதா?"

"கிடைக்கும்."

"அப்புறம் என்ன? ஆறு லட்சத்துக்கு ஒரு வருஷம் கூடக் கிடைக்குதுன்னா பாக்கலாமே." அத்தானுக்குக் கான்ட்ராக்ட் கணக்கு வந்துவிட்டது. மாதத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று மனசுக்குள் வகுத்துக்கொண்டிருந்தார்.

மருமகன் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று நாளாக இந்தக் குடும்பம் லெவல் பேசுகிறது, கிரெடிட் பேசுகிறது, பட்டினி கிடக்கிறது. படிக்கப் போகிற பையனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நீ சொல்லுடா, உனக்கு எது வேணும்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் என்னிடம்தான் சொன்னான், அப்பாவிடம் இல்லை.

"மாமா, எனக்கு அக்கவுன்ட்ஸ் வேணாம். ப்ளஸ் டூவில சயின்ஸ் க்ரூப் கிடைக்காம காமர்ஸ்ல சேர்ந்தேன். ஒரு வருஷமா ராத்திரி உக்காந்து கம்ப்யூட்டர் ப்ரோகிராமிங் நானா கத்துக்கிட்டு இருக்கேன். டேட்டா அனலிடிக்ஸ்ல நேரா எம்.எஸ்ஸி. கேட்டேன். அந்தக் காலேஜ்ல கம்ப்யூட்டரோ மேத்ஸோ டிகிரியில படிச்சிருக்கணும்னாங்க. பி.காம்.காரன் உள்ள நுழையறதுக்கு இந்தக் கதவுதான். இதை முடிச்சுட்டா எட்டு. அங்கேருந்து ஒன்பதுக்கு அப்புறம் போய்க்கலாம்."

"அப்ப இது கன்ஸல்டன்ஸிக்காரன் தள்ளிவிட்டது இல்லையா?"

"நான் தேடி எடுத்தது மாமா. அவர் பி.ஜி.ன்னு சொன்னது மட்டும்தான் அவரோடது."

அத்தான் காசு கொடுக்கப் போனார். திரும்பி வர ரொம்ப நேரம் ஆயிற்று. மூன்று டீக்குச் சில்லறை வாங்க அவ்வளவு நேரம் ஆகாது.

*

ராத்திரி அவர் பாக்கெட் நோட்டில் 24ஐ அடித்துவிட்டு 12 என்று எழுதினார். அப்புறம் மேலிருந்து கீழாகக் கணக்கு மறுபடி போட்டார். பன்னிரண்டு மாதத்தை நம்பி வீட்டுப் பத்திரத்தை வைப்பதில்லை என்று முடிவாயிற்று. ரிடையர்மென்ட் பணத்தில் ஒரு பகுதி, அக்காவின் சீட்டுப் பணம், மீதிக்கு மட்டும் சின்னதாக ஒரு எஜுகேஷன் லோன். வேலை கிடைக்காமல் திரும்பி வந்தாலும் வீடு இருக்கும். பி.காம். படித்த நான் பார்த்து ஒரு இடத்தில்கூடத் திருத்த முடியாத பட்ஜெட்.

"படிச்சு முடிச்சதும் என்ன கொடுப்பான்?" என்றார்.

"சர்டிஃபிகேட். கூடவே எத்தனாவது லெவல், எத்தனை கிரெடிட், என்னென்ன பாடம்னு விவரமா ஒரு தாள். ஐரோப்பாவுல பொதுவா அப்படி ஒண்ணு கொடுப்பாங்க."

"அதுக்கு என்ன பேரு?"

மருமகன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். வேறு வழியில்லை.

"டிப்ளமா சப்ளிமென்ட்."

அத்தான் சிரித்துவிட்டார். அக்கா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"விசிறியில ஒருத்தரோட படிப்பு எங்க வரும்னு அவங்களே பாத்துச் சொல்வாங்கன்னியே, அது யாரு?"

"நாரிக்னு ஒரு பிரிவுப்பா. க்யூ.க்யூ.ஐ.யோடதுதான். வெளிநாட்டுப் படிப்பு அவங்க ஊர்ல எதுக்குச் சமம்னு சொல்வாங்க. கடைசி முடிவு காலேஜோடது, இது ஆலோசனை மாதிரி."

"ஃபீஸ்?"

"இல்லப்பா, ஃப்ரீதான்."

அவர் எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு பழைய பிளாஸ்டிக் கவரோடு வந்து, அதிலிருந்து மடிப்பு மடிப்பாக, ஓரம் பழுத்துப்போன ஒரு தாளை எடுத்து, மருமகனின் ஃபைலுக்குமேல் வைத்தார். 1983 என்று மேலே தெரிந்தது.

"நாளைக்கு உன்னோடதெல்லாம் ஜெராக்ஸ் எடுக்கறப்ப இதையும் ஒரு காப்பி எடுத்துக்க. அனுப்பிக் கேளு, எத்தனாவது மாடின்னு. சும்மாத்தான்."